பாதரசத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் ஒரு வரி: "தெர்மாமீட்டர் உடைந்தால் பாதரசத்தைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டுவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை." அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டர்பன் மருத்துவமனை வார்டுகளில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எழுதியவரோடு எனக்குப் பகை இல்லை. அச்சில் ஏற்றுமுன் ஒரு செவிலியரையாவது கேட்டிருக்கலாமே என்பதுதான் என் மனக்குறை.

துடைப்பம் பட்டால் ஓர் உருண்டை நூறாகச் சிதறும். பலகை இடுக்கில் புகுந்துகொண்டு நாள்கணக்கில் ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையில் தவழும் குழந்தைதான் அதை முதலில் மூச்சில் இழுக்கும். குப்பையோடு எரித்தால் புகையாய்ப் போய், மழையோடு இறங்கி, கடைசியில் நாம் குழம்பு வைக்கும் மீனில் வந்து சேரும்.

நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் சிஸ்டர் வருமுன் கட்டிலடியில் மண்டியிட்டு, அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, உள்ளங்கையில் ஏந்திப்போய்த் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவோம். பிறகு ஒருநாள் ரத்த அழுத்தக் கருவியே வண்டியிலிருந்து விழுந்து உடைந்தது. தெர்மாமீட்டரில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம். அந்தக் கருவியில் 80, 100 கிராம் இருக்கும். வெறுங்கையால் அள்ளினேன். மாலையில் பார்த்தால் என் கல்யாண மோதிரம் வெள்ளிபோல் வெளுத்துக் கிடந்தது. "பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டதம்மா" என்றார் நகைக்கடைக்காரர். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனாலும் இன்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. எங்களை எச்சரிக்க அன்று ஒருவரும் இல்லை. இன்று எச்சரிக்க வேண்டிய இதழே பயப்பட ஒன்றுமில்லை என்கிறது.

கேட்டோ ரிட்ஜ் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே தோர் கெமிக்கல்ஸ் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து பாதரசக் கழிவு வந்து இறங்கியதும், தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்ததும் தாங்கள் அறியாததல்ல. காவடித் திருவிழாவுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய இதழ் அந்தச் செய்திக்கு நான்கு வரிதான் ஒதுக்கியது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டபோது, அங்கே உழைத்த நம் தமிழர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பாதியை வெட்டிவிட்டு, தொழிலாளர்களைப் பற்றிய பத்தி இல்லாமலே வெளியிட்டீர்கள். அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையை நம் தென்னாப்பிரிக்கா 2019-இல் ஏற்றது. பாதரசத் தெர்மாமீட்டரையும் ரத்த அழுத்தக் கருவியையும் 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்பது அதன் விதி. ஆனால் பழையவை எங்கே போயின? சென்ற மாதம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். அலமாரியின் மேல்தட்டில், மூடி உடைந்த பழைய ரத்த அழுத்தக் கருவி ஒன்று அரிசிமூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. "நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் உங்கள் வாசகர்கள்தாம்.

தாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். கல்யாண விளம்பரங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். பாதரசம் சிந்தினால் குழந்தைகளை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். துடைப்பமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் திரட்டி, மூடியிறுகிய பாட்டிலில் அடைக்க வேண்டும். தொட்டியிலும் குப்பையிலும் போடாமல், அபாயக் கழிவை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியைக் கேட்க வேண்டும்.

இடமில்லையென்றால் என் மோதிரக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். கொடைக்கானலையும் வெட்டிக்கொள்ளுங்கள். மேலே உள்ள பத்தியை மட்டும் தொடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.