சாந்திக்கு, நார்விச்சிலிருந்து

அன்புள்ள சாந்தி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரை முடிந்து பதில் எழுதுகிறேன். நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? டெய்சி டீச்சர் இன்னும் அதே குடையோடுதான் வருகிறாரா?

கஞ்சா கம்பெனி ஷேர் வாங்கலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்கச் சொன்னாராமே. அண்ணனிடம் வீட்டுக் கடனை முதலில் அடைக்கச் சொல்லடி! ஆனால் அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். அக்கா மகள் நிலா வலிப்புக்காக இப்போது குடிப்பது அவர்களுடைய மருந்தைத்தான்.

ஜி.டபிள்யூ. பார்மசூட்டிகல்ஸ் என்று பெயர். ஜெஃப்ரி கை, பிரையன் விட்டில் என்ற இருவர் 1998-இல் ஆரம்பித்தது. அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கித்தான் செடியையே நட்டார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் தசை இறுகிப்போகிறவர்களுக்கு வாயில் அடிக்கும் சாட்டிவெக்ஸ் ஸ்பிரே ஒன்றைச் செய்தார்கள். அதற்குப் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது 2010-இல். பன்னிரண்டு வருஷம்! அடுத்தது நிலாவின் மருந்து, எபிடியோலெக்ஸ். செடியிலிருந்து போதை தராத கன்னபிடியால் என்ற பொருளை மட்டும் பிரித்தெடுத்தது. 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கான செடி எங்கள் நார்ஃபோக்கிலேயே வளர்ந்தது தெரியுமா? விசிங்டன் சர்க்கரை ஆலையின் மிச்சச் சூட்டில் தக்காளி விளைந்த கண்ணாடிக் கூடம், கிட்டத்தட்ட 45 ஏக்கர். தக்காளியை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள்.

மருந்தைக் கரைத்திருப்பது எதில் என்று நினைக்கிறாய்? நம்ம நல்லெண்ணெயில்! ஸ்ட்ராபெரி வாசனை சேர்த்திருக்கிறார்கள். அக்கா ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து இழுத்துக் கன்னத்தின் உள்பக்கமாக விடுகிறாள். நிலா முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குகிறாள். அவளுக்கு லெனாக்ஸ்-காஸ்டோ வகை வலிப்பு. நின்ற இடத்திலேயே தொப்பென்று விழுவாள். இப்போதும் விழுகிறாள், ஆனால் முன்பைவிடக் குறைவு. தூக்கம் அதிகம், கல்லீரலுக்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை. முழுக் குணம் என்று யாரும் சொல்லவில்லை.

2021 மே மாதம் ஜாஸ் பார்மசூட்டிகல்ஸ் என்ற பெரிய கம்பெனி ஜி.டபிள்யூவை வாங்கிவிட்டது. விலை சுமார் 720 கோடி டாலர். இத்தனை வருஷம் பொறுமையாக நிரூபித்தவர்களுக்குக் காசு கிடைத்ததில் எனக்குக் குறையே இல்லை. என் கவலை வேறு. அமெரிக்காவில் இந்த மருந்து வந்தபோது வருஷத்துக்கு 32,500 டாலர் என்று விலை வைத்தார்கள். இங்கே அரசு மருத்துவத் திட்டம் குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்துடன் சேர்த்துத் தர 2019-இலேயே ஒப்புக்கொண்டதால் அக்கா கைக்காசு போடவில்லை. அந்தத் திட்டம் இல்லாத நாட்டில் ஒரு தாய் என்ன செய்வாள்? 720 கோடி கொடுத்தவர்கள் அதை எடுக்கத்தானே பார்ப்பார்கள். நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை சாந்தி.

அப்புறம் ஒரு வேலை. மாரியக்கா பேரனுக்கும் வலிப்பு என்று எழுதியிருந்தாயே, அது எந்த வகை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி எனக்கு அனுப்பச் சொல். எல்லா வலிப்புக்கும் இது கேட்காது. அதற்குள் யாரோ விற்கிற கஞ்சா எண்ணெயை வாங்கி ஊற்றிவிடப் போகிறார்கள். நீ நேரில் போய்ச் சொல்லிவிடு, இந்த வாரமே.

உன்,
கலா