கட்டி சுருங்கினாலும் ஈசிஜியை விடாதே

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நீ பார்க்கும் பச்சிளங்குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தில் மூன்று கட்டிகள், இரண்டு முறை துடிப்பு நிமிடத்துக்கு 260க்கு ஏறி இறங்கியது, அறுவை வேண்டுமா என்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு ஒன்றுக்கு மேல், ஒரே சீராக வெளுப்பாகத் தெரிந்தால் அநேகமாக ராப்டோமயோமாதான், அதாவது இதயத் தசையில் வரும் புற்றுநோயல்லாத கட்டி. பெரும்பாலானவை முதல் சில ஆண்டுகளில் தானாகச் சுருங்கும். ரத்தம் வெளியேறும் பாதையையோ வால்வையோ அடைத்தால், அல்லது துடிப்பு எந்த மருந்துக்கும் அடங்காவிட்டால்தான் கத்தி. ஒற்றைக் கட்டியாக, கீழறைச் சுவரில், நடுவில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஃபைப்ரோமாவை (நார்த்திசுக் கட்டி) நினை. அது தானாகக் கரையாது, கீழறை வேகத்துடிப்பையும் திடீர் மரணத்தையும் கொண்டுவரும். அங்கே காத்திருக்கக் கூடாது.

எக்கோ அறிக்கையில் கட்டி எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். துடிப்புக்கு அளவு முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட வளையத்தில் சின்னதாக ஒன்று உட்கார்ந்தாலே அந்தத் திசு மின்துடிப்புக்குக் குறுக்குப் பாதையாகிவிடும். சைனஸ் துடிப்பில் (இயல்பான துடிப்பு) எடுத்த 12 லீட் ஈசிஜியில் பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் நேரம்) குறுகி, கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ் தொடக்கத்தில் டெல்டா அலை என்ற சரிவு தெரிகிறதா பார். அதுதான் குறுக்குப் பாதையின் அடையாளம்.

துடிப்பு மறுபடி ஏறினால் முதலில் முகத்தில் ஐஸ்: தண்ணீரும் பொடித்த ஐஸும் கலந்த பை, நெற்றியும் மூக்கின் மேல்பகுதியும் மூடும்படி 15 விநாடி. வாயை மூடாதே, கண்ணை அழுத்தாதே. அடங்கவில்லையென்றால் வேகத்துடிப்பை நொடியில் அறுக்கும் அடினோசின் ஊசி, கிலோவுக்கு 0.1 மி.கி. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 3 கிலோ குழந்தைக்கு 0.3 மி.கி., அதாவது ஆம்பூலிலிருந்து வெறும் 0.1 மி.லி.; அது மூன்றுவழிக் குழாயிலேயே தங்கிவிடும். பிறகு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பார்கள். 1 மி.லி. (3 மி.கி.) எடுத்து 9 மி.லி. சலைன் சேர், அதில் 1 மி.லி. போதும். முழங்கை மடிப்புச் சிரையில் ஒரே தள்ளு, உடனே 3 முதல் 5 மி.லி. சலைன் ஃப்ளஷ். கேட்காவிட்டால் அடுத்தது இரட்டிப்பு. ஈசிஜி தாள் ஓடிக்கொண்டே இருக்கட்டும், டிஃபிப் (மின் அதிர்ச்சிக் கருவி) பக்கத்தில் இருக்கட்டும். குழந்தை துவண்டு ரத்த அழுத்தம் இறங்கினால் அடினோசினுக்காகக் காத்திராமல் மின் அதிர்ச்சி கொடு: கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல், துடிப்போடு சிங்க்ரனைஸ் செய்து.

தொடர் மருந்துக்கு ப்ரொப்ரனலால். பால் குடிக்காத வேளையில் கொடுத்தால் சர்க்கரை இறங்கும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல். டெல்டா அலை இருந்தால் டைகாக்சின் வேண்டாம். ஒரு வயதுக்குள் சிரை வழியே வெரபமில் போடவே கூடாது.

கட்டி பலவாக இருப்பதால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸை (பல உறுப்புகளில் கட்டி வளரும் மரபணு நோய்) தேடாமல் விடக்கூடாது: வுட்ஸ் விளக்கில் (புறஊதா விளக்கு) தோலில் வெளுத்த இலை வடிவத் திட்டு, மூளை எம்ஆர்ஐ, சிறுநீரக ஸ்கேன், மரபணுச் சோதனை. தலை குனிந்து கை விரித்து வெட்டி இழுக்கும் குழந்தை வலிப்பைக் கண்டால் அம்மா செல்போனில் படம் பிடிக்கட்டும். அதற்கு முதல் மருந்து விகாபாட்ரின். அதே வலிப்புக்குக் கொடுக்கும் ஏசிடிஎச் ஹார்மோன் ஊசிக்குப் பிறகு இதயக் கட்டி வீங்கியதாகப் பதிவுகள் உண்டு. தவிர்க்க முடியாமல் கொடுத்தால் எக்கோ கூடவே வேண்டும்.

கட்டியைச் சுருக்கும் எவரோலிமஸ் மருந்து பற்றிக் கேட்டாயே. அடைப்போ அடங்காத துடிப்போ இருந்தால் நல்ல ஆயுதம். அடுத்த டோஸுக்கு முன் ரத்த அளவு 5 முதல் 15 நானோகிராம்/மி.லி. வாய்ப்புண், தொற்று, கொழுப்பு ஏற்றம் மூன்றையும் கவனி. நிறுத்தினால் கட்டி திரும்ப வளரலாம். வெரபமில், ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் அளவு எகிறும். அது ஓடும்போது உயிருள்ள தடுப்பூசிகள் வேண்டாம். ஆரம்பிக்கும் முன்பே அட்டவணையைப் பார்த்துக்கொள்.

கட்டி மறைந்தபின் எக்கோவை நிறுத்தலாம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உறுதியானால் ஈசிஜியை நிறுத்தாதே. அறிகுறி இல்லாவிட்டாலும் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவனான பிறகும். இப்போதைக்கு 24 மணி நேர ஹோல்டர் (உடலோடு மாட்டும் தொடர் ஈசிஜி கருவி) போடு. சைனஸில் எடுத்த தாளையும் வேகத்துடிப்பில் எடுத்ததையும் சேர்த்து அனுப்பு, தாள் ஓடிய வேகம் விநாடிக்கு 25 மி.மீ.யா 50ஆ என்று மேலே எழுதி.

அன்புடன்,
ராகவன்