வழக்குப் போட்டால் விமானம் நிற்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடு கடத்தப்பட இருந்த ஒருவருக்குக் கனடாவின் சமஷ்டி நீதிமன்றம் பாதுகாப்பு வழங்கிவிட்டதாகச் சென்ற வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் நீதிமன்றம் அப்படி எதையும் வழங்கவில்லை. நாடு கடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீட்டில், அதாவது திருப்பி அனுப்பினால் அவருக்கு ஆபத்து வருமா என்று பார்க்கும் பரிசீலனையில், அதிகாரி எழுதிய மறுப்பு நியாயமானதாக இல்லை என்று ரத்துச் செய்து, வேறொரு அதிகாரி பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த அதிகாரியும் மறுக்கலாம்.

நான் ஸ்காபரோவில் சட்டத்தரணிகளுக்குத் தமிழ்க் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பவன். இப்படி ஒரு செய்தி வந்தால் உடனே "கோர்ட்டில் போட்டால் அனுப்ப மாட்டாங்களாம்" என்ற கதை ஊரெல்லாம் பரவிவிடும். அனுப்புவார்கள். முதல் ஆபத்து மதிப்பீடு நடக்கும்வரைதான் அனுப்புவதற்குச் சட்டப்படி தடை உண்டு. மறுப்பு வந்ததும் அது போய்விடும். விமானத்தை நிறுத்த வேண்டுமானால் இடைக்காலத் தடைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். வழக்கில் கனமான கேள்வி இருக்கிறதா, அனுப்பினால் ஈடுசெய்ய முடியாத தீங்கு வருமா, யாருக்குப் பாதிப்பு அதிகம் என்று 1988ஆம் ஆண்டு டோத் என்ற வழக்கின் தீர்ப்பில் சொன்னபடி நீதிபதி பார்ப்பார். மூன்றும் தேறவேண்டும்.

அதிகாரியின் மறுப்பு சரியா என்று நீதிமன்றம் பார்க்கும் மீளாய்வுக்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மறுப்புக் கிடைத்து 15 நாட்களுக்குள் கேட்க வேண்டும். கட்டணம் 50 டொலர். அனுமதி இல்லை என்றால் காரணம் சொல்லமாட்டார்கள், மேல்முறையீடும் கிடையாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கடிதங்கள்தான். அதிகாரி முன்னால் என்ன இருந்ததோ, பொதுவாக அதை வைத்துத்தான் நீதிபதி முடிவைப் பார்ப்பார். வழக்குத் தொடங்கிய பிறகு "அம்மாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கு" என்று கொண்டுவருபவர்களிடம் என்ன சொல்வது? அதிகாரியிடம் கொடுக்கும்போதும், அகதிக் கோரிக்கை ஏற்கெனவே மறுக்கப்பட்டவர் என்றால், அந்த மறுப்புக்குப் பிறகு வந்த சான்று, அல்லது அப்போது கொடுக்க நியாயமாக வழியில்லாமல் போன சான்றுதான் எடுபடும். கிராம சேவகர் கடிதம் என்று ஒன்று என் மேசைக்கு வரும். முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. தபால் முத்திரை குத்திய உறை எங்கே என்று கேட்டால், "அதை எறிஞ்சிட்டம் அண்ணை." அந்த உறைதான் எப்போது வந்தது என்று காட்டக்கூடியது!

இன்னொன்று. சொந்தக்காரர் எழுதியது என்பதற்காக மட்டும் கடிதத்தை அதிகாரி ஒதுக்கினால், அது சரியல்ல என்று சமஷ்டி நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே அம்மாவின் கடிதம் வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யார் வந்தார்கள், எந்தத் திகதி, என்ன கேட்டார்கள் என்று விபரமாக எழுதச் சொல்லுங்கள். "மகனுக்கு ஆபத்து" என்ற ஒற்றை வரியை வைத்து எந்தச் சட்டத்தரணியும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி இப்படியான செய்தி போடும்போது, அந்த 15 நாள் கணக்கையும் தடை மனுவையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்
ஸ்காபரோ