தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லை, அதுவும் வெற்றிடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையங்களில் ஆளணி போதாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். இத்தனை வெற்றிடம், இத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று கணக்கும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒருபோதும் வராத ஒரு வெற்றிடம் இருக்கிறது. தமிழில் ஒரு முறைப்பாட்டைக் கேட்டு, தமிழிலேயே எழுதக்கூடிய ஒருவர். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது வன்னியில் ஒரு சிறிய நகரம். போன வருடம் என் மாமியின் கச்சான் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த மோட்டரை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், விடிய நாங்கள் போய்ப் பார்த்தால் வெட்டிய குழாய் மட்டும் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு நிற்கிறது. உடனே பொலிஸுக்குப் போனோம். ஐந்தாறு பேர் கடமையில் இருந்தார்கள், ஆனால் தமிழ் எழுதத் தெரிந்த ஒரேயொரு பெண் கொன்ஸ்டபிள் அன்றைக்கு நீதிமன்றக் கடமைக்குப் போய்விட்டார். "நாளைக்கு வாங்கோ" என்றார்கள். மாமி அசையவில்லை. அங்கிருந்த சார்ஜன்ட் நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆகவேண்டும், கதிரை போட்டு இருத்தினார், தண்ணீர் தந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். கடைசியில் வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டுத்தான் மொழிபெயர்ப்பித்தார்கள்.

"ஆர் எடுத்ததெண்டு நிச்சயமாத் தெரியாது சேர், ஆனா பக்கத்துக் காணியில வேலை செய்த ஒரு பொடியன் ரெண்டு நாளைக்கு முதல் மோட்டர் என்ன விலையெண்டு கேட்டவன்." மாமி இப்படிக் கால் மணித்தியாலம் சொன்னதைத் தம்பி இரண்டு வசனத்தில் சிங்களத்தில் சொன்னான். சார்ஜன்ட் ஒரு பக்கம் எழுதிப் பேனாவை நீட்ட, மாமி எழுத்துக்கூட்டித் தமிழில் கையெழுத்து வைத்தார். எதற்குக் கீழே வைக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு மோட்டரை விற்கப் போன இடத்தில் ஒருவர் பிடிபட்டு வழக்கு நடந்தபோதுதான், "எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை" என்று மாமி சொன்னதாக அந்தத் தாளில் இருப்பது தெரியவந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதையே பிடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆவது பிரிவைப் பாருங்கள். வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும், அந்த அதிகாரிக்கு அது முடியாவிட்டால் முறைப்பாட்டாளரையே அவருடைய மொழியில் எழுதித் தரச்சொல்லிக் கேட்கவேண்டும், அவராலும் எழுத முடியாவிட்டால்தான் மற்ற மொழியில் எழுதலாம், அதற்கும் காரணத்தைப் பதிந்துவிட்டு, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டவேண்டும். மாமி எட்டாம் வகுப்புவரை படித்தவர். எழுதித் தாருங்கள் என்று அன்றைக்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அப்புறம் நீதிமன்றம். 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். நல்லது, ஆனால் பொலிஸிலிருந்து வரும் கோவை சிங்களத்தில் இருந்தால் அதை மொழிபெயர்க்க ஒருவர் வேண்டுமே. அந்த ஒருவர் வேறு வழக்கில் நின்றால் எங்களுக்குத் தவணை. நீதவானையும் குறைசொல்ல முடியாது, இந்தப் பிரதேசத்தில் அவருடைய வேலை வழக்குக் கேட்பதோடு முடிவதில்லை. கொக்குத்தொடுவாயில் 2023 இல் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டபோது அந்த அகழ்வையும் முல்லைத்தீவு நீதவானே மேற்பார்வை செய்யவேண்டியிருந்தது.

களவுபோன மோட்டருக்கே இந்தப் பாடு. கணவன் அடித்து முகம் வீங்கி வந்த ஒரு பிள்ளை, இன்னொரு ஆண் அதிகாரிக்கு முன்னால், தெருவில் தன்னைத் தினமும் காண்கிற ஓட்டோக்காரரின் வாயால் தன் கதையைச் சொல்லவேண்டும் என்றால் அவள் சொல்வாளா? பேசாமல் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவாள், அன்றைய பதிவேட்டில் அப்படி ஒருத்தி வந்ததற்கே தடயம் இருக்காது.

இதெல்லாம் புதிய கோரிக்கை இல்லை. அரசாங்கம் தானே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 லேயே, பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்தவர்கள் 24 மணித்தியாலமும் இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. எங்கள் பிள்ளைகள் பொலிஸில் சேர வருவதில்லை என்று பதில் சொல்கிறார்கள். வராததற்குக் காரணம் உண்டு, யுத்த காலத்தில் பொலிஸ் உடுப்பைக் கண்டு பயந்து வளர்ந்த தாய் தகப்பன் லேசில் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். சரி, அது மாறும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் சீருடை இல்லாத, உள்ளூரில் எடுத்த தமிழ்ப் பதிவாளர்கள் இரண்டு மூன்று பேரை முறைவேலையில் போடலாம். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஆளணிக் கணக்கு வெளியிடும்போது தமிழ் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று தனி நிரலில் போடுங்கள், நிலையம் நிலையமாக. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வெற்றிடத்தையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

மாமியின் மோட்டர் வழக்குப் பொருளாக இன்னும் நீதிமன்றத்தில்தான் கிடக்கிறது, இந்த வருடக் கச்சானுக்கு வாடகை மோட்டரில் தண்ணீர் இறைக்கிறார். முறைப்பாட்டுக்குப் போகிற வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வீட்டிலேயே ஆறுதலாக இருந்து தமிழில் எழுதிக்கொண்டு போங்கள், ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், 109 ஆவது பிரிவு என்று கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு வாசகர்