1.25 வேகத்தில் ஒரு டிரிஸ்டான்

அன்புள்ள மீனா,

உன் குறுஞ்செய்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இசை நடத்துனர் ஃபுர்ட்வெங்ளரின் பதிவில் வாக்னரின் 'டிரிஸ்டானும் இசோல்டேயும்' ஓபரா தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கிறதாம், கைப்பேசியில் 1.25 வேகம் வைத்துக் கேட்டாயாம், இப்போது பரவாயில்லையாம்! நீ வேலையை விட்டுவிட்டதாகச் சொன்ன நாளில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

முதலில் கணக்கைப் பார். 1952 ஜூனில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் எடுத்த அந்தப் பதிவு ஏறக்குறைய நாலேகால் மணி நேரம் ஓடும். நீ வைத்த வேகத்தில் அது 3 மணி 24 நிமிடமாகச் சுருங்கிவிடும். 1966-இல் வாக்னர் ஓபராக்களுக்கென்றே உள்ள பைராய்ட் அரங்கில் கார்ல் பேம் நடத்தியதுதான் விறுவிறுப்பான டிரிஸ்டான் என்று பெயரெடுத்தது. அதற்கே ஏறக்குறைய 3 மணி 40 நிமிடம் ஆகிறது. வேகம்தான் வேண்டுமென்றால் அதைக் கேட்டிருக்கலாமே. பாவம், ஃபுர்ட்வெங்ளரை ஏன் துரத்த வேண்டும்?

இசைத்தட்டுக் காலத்தில் இந்த வேலை நடக்காது. தட்டு ஆறு சதவீதம் வேகமாகச் சுழன்றாலே சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். ஏ மைனர் என்ற சுருதி பி ஃபிளாட் மைனராகிவிடும். நீ கூட்டிய கால் பங்கு அதில் என்ன செய்திருக்கும் தெரியுமா? ஐந்துக்கு நான்கு என்ற அந்த விகிதம் சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தூரம். அவ்வளவு உயரத்துக்குப் போன குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தைகூடச் சிரித்திருக்கும். இன்றைய கைப்பேசி கெட்டிக்காரத்தனமாக ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நெருக்கி ஒட்டி, சுருதியை அதே இடத்தில் நிறுத்திவிடுகிறது. தவறு காதில் விழுவதே இல்லை.

எல்லாமே ஒரே விகிதத்தில்தானே குறைகிறது, பிறகு என்ன கெட்டுப்போகிறது என்று நீ வாதாடுவாய். எஞ்சினீயரைப் பெற்றவளுக்கு அது தெரியாதா? பதில் ஓபராவின் முன்னிசைத் தொடக்கத்திலேயே இருக்கிறது. செல்லோக்கள் தனியாக எழும்புகின்றன. மரக்குழல் வாத்தியங்கள் வந்து சேரும் இடத்தில் 'டிரிஸ்டான் கார்ட்' என்று பெயர்பெற்ற அந்த ஸ்வரக்கூட்டு ஒலிக்கிறது. பிறகு மௌனம். மறுபடி சற்று உயரத்திலிருந்து அதே முயற்சி, மறுபடி மௌனம். வாக்னர் அந்த இடத்தில் 'மெதுவாக, ஏங்கி' என்றுதான் எழுதிவைத்தார். ஃபுர்ட்வெங்ளர் அந்த மௌனத்தைக் கடிகாரத்தைப் பார்த்து அளப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முந்தைய ஒலி மண்டபத்தில் கரைந்து முடியும்வரை விடுகிறார். வேகமாகப் போக நினைத்திருந்தால் வில்லை வேறு விதமாக இழுக்கச் சொல்லியிருப்பார், ஒலியின் கனத்தையே குறைத்திருப்பார். பேம் அதைத்தான் செய்தார். அவருடைய இசைக்குழு இழைக்கிற இழை வேறு. நீ கேட்டதோ கனமான வில்லும் அவசரமான கடிகாரமும் சேர்ந்த ஒன்று. அப்படி எந்த வாத்தியக்காரரும் வாசித்ததில்லை.

குரலும் அப்படித்தான். இசோல்டேயாகப் பாடிய கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்டுக்கு அப்போது வயது 56. அகலமாக, நிதானமாக அசைகிற குரல். அந்த அசைவையும் நீ கால் பங்கு முடுக்கிவிட்டால் இசோல்டே ஏதோ குளிரில் நடுங்குகிறாள் என்று தோன்றும். (இரண்டாம் அங்கத்தின் இரண்டு மேல் ஸ்தாயி 'சி'க்களை அவருக்காக எலிசபெத் ஷ்வார்ஸ்காஃப் பாடிக் கொடுத்தார். அந்த ஊர்வம்பு அப்போதே வெளியே வந்துவிட்டது. எந்த இடம் என்று கண்டுபிடி பார்க்கலாம்.)

இனி சுருதி விஷயம். முன்னிசை ஏ மைனர் என்று எல்லாரும் எழுதுவார்கள். ஆனால் ஏ மைனர் அதில் வந்து அமர்வதே இல்லை. வீடு வந்துவிட்டது என்று நினைக்கிற நொடியில் எஃப் மேஜருக்கு நழுவிவிடுகிறது. தம்புராவின் சட்ஜத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. இரண்டாம் அங்கத்தில் காதலர் இருவரும் பாடிப் பாடி பி மேஜரின் வாசலுக்கே வருகிறார்கள். தோழி பிராங்கேனேயின் அலறல், டிரிஸ்டானின் சேவகன் குர்வேனால் பாய்ந்து வருகிறான், இசோல்டேயின் கணவனான மன்னன் மார்க்கே நிற்கிறான். ஸ்வரம் அறுந்துவிடுகிறது. அந்த அறுந்த இடம் ஓபராவின் கடைசிப் பக்கத்தில், இசோல்டேயின் வாயிலிருந்துதான், பி மேஜரில் முடிகிறது. காத்திருப்பைச் சுருக்கிக்கொண்டு வந்தவளுக்கு அந்த முடிவு வெறும் நல்ல மெட்டாகத்தான் இருக்கும்.

மெதுவாக இருப்பதே உயர்வு என்று நான் சொல்வதாக எண்ணாதே. 1981-இல் பெர்ன்ஸ்டைன் உன் மியூனிக்கிலேயே, ஹெர்குலஸ்ஸால் அரங்கில், அங்கத்துக்கு ஒரு தடவையாக எடுத்த பதிவு ஃபுர்ட்வெங்ளரையே வேகமானவராக்கிவிடும். எனக்கு அதில் முன்னிசை அங்கங்கே நின்றே போய்விடுகிறது. பேமின் பதிவில் இசோல்டேயாகப் பாடும் பிர்கிட் நில்சன் முதல் அங்கத்தில் கொதிக்கிற கோபம் ஃபிளாக்ஸ்டாட்டிடம் இல்லை. அங்கே வேகம் நியாயமாக வந்திருக்கிறது, பாடியவர்களும் வாசித்தவர்களும் அந்த வேகத்திலேயே மூச்சு விட்டார்கள். வாக்னரே தம் முந்தைய ஓபராவான 'டான்ஹாய்சர்' காலத்தில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் வேக எண்களைக் குறித்துக் கொடுத்து நொந்துபோனவர். நடத்துனர்கள் தாறுமாறாக நடத்திவிட்டு, எண்ணைப் பார்த்துத்தான் நடத்தினோம் என்றார்களாம். பிற்பாடு எண்ணை விட்டுவிட்டார். 1869-இல் இசை நடத்துவது பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். மெட்டு எப்படிப் பாடுகிறது என்று பிடிபட்டால்தான் வேகம் பிடிபடும் என்பது அவர் கட்சி.

ஆகவே அங்கே மேடையில் டிரிஸ்டான் பார்க்க நீ டிக்கெட் எடுத்திருக்கும் நாளுக்கு முன் இப்படிச் செய். முதல் அங்கத்தைப் பேமிடம் கேள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஃபுர்ட்வெங்ளரிடம், ஒன்று என்ற வேகத்தில், ஒரு நாளைக்கு ஒரு அங்கம் போதும். ஃபிஷர்-டீஸ்காவ் குர்வேனாலாகப் பாடுவதை விட்டுவிடாதே, அப்போது அவர் 27 வயதுப் பையன். 1865 ஜூன் 10 அன்று இது முதன்முதலில் மேடையேறிய நகரத்தில் இருந்துகொண்டு அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போகாதே. இடைவேளையில் ஏதாவது சாப்பிடு, மூன்றாம் அங்கம் வெறும் வயிற்றில் கேட்கக் கூடியதல்ல.

இன்னொன்று. அதே மியூனிக்கில் 1911-இல் ஃபெலிக்ஸ் மோட்டில் டிரிஸ்டானை நடத்திக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார், சில நாட்களில் இறந்தார். 1968-இல் யோசஃப் கைல்பெர்ட்டும் இதே ஓபராவை நடத்தும்போதே போய்விட்டார். அப்பாவிடம் சொன்னேன். உன் தேதியன்று நடத்தப் போகிறவர் பெயரைக் கேட்டு எழுதச் சொல்கிறார், அர்ச்சனை செய்ய வேண்டுமாம். நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா