கயிறு அறுந்த இடம்

திருக்கடலூர்,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். வாடை பிறந்துவிட்டது. மூன்று நாளாக வள்ளங்கள் எல்லாம் கரையில்தான். உன் வேலையில் அந்த எண்ணெய்க் குழாய்க் கணக்கைப் பற்றி நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். அவசரத்தில் பதில் சொல்லக்கூடிய விஷயமாக அது படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடலடியில் இருந்து மிதக்கும் மேடைக்கு எண்ணெயை ஏற்றிவருகிற குழாய்தான் ரைசர் என்று நீ முதலில் சொன்னபோதே எனக்கு நங்கூரக் கயிறுதான் கண்ணில் வந்தது. மேலே தொங்கி, தன் பாரத்தில் வளைந்து இறங்கி, அடியில் போய்ப் படுத்துவிடுகிற இரும்புக் குழாய். 1994இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்தில்தான் மிதக்கும் மேடையொன்றில் முதன்முதலில் இப்படித் தொங்கவிட்டார்கள் என்றாய். நீரோட்டம் குழாயைக் கடக்கும்போது அதன் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழி கழன்று குழாயையே அதிரவைக்கும் என்றும் சொன்னாய். அதை நான் கையால் அறிவேன். வாடைக்கு நீர் தெற்கே இழுக்கும்போது, விறைத்து நிற்கும் கயிற்றைப் பிடித்தால் அந்த அதிர்வு முழங்கை வரை ஏறும். அதை அடக்கக் குழாயைச் சுற்றித் திருகாணிப் புரி போல விளிம்பு வைக்கிறீர்களாம். நல்ல வேலை.

சரி, உன் கலக்கம் அதைப் பற்றியது இல்லையே. குழாய் அடியைத் தொடும் இடத்தைப் பற்றியது.

நீ ஆண்டு ஏழில் படித்தபோது ஒரு இரவு எங்கள் நங்கூரம் போய்விட்டது, நினைவிருக்கிறதா? மாமாவும் நானும் விடியும் வரை இழுபட்டுக் கிடந்தோம். கயிற்றை மேலே இழுத்துப் பார்த்தால் நாற்பது பாக நீளமும் புதுக்கயிறு மாதிரி. கடைசி இரண்டு பாகம் மட்டும் பஞ்சாகப் பிரிந்து, இழைகளுக்குள் வெள்ளையாகக் கடலடிப் பாறைத்தூள் ஏறி, விரலால் திருகினாலே அறுந்தது. அதே கயிறு சேற்றில் இரண்டு வருஷம் நின்றது. பாறைப் பாரில் ஆறு மாதம் தாங்கவில்லை.

உன் குழாய் தேய்வதில்லை, மேடை அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து நிமிர்ந்து களைத்துப்போகிறது, வெடிப்பு குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து இணைத்த இடத்தில்தான் தொடங்கும் என்றாய். அப்படியே இருக்கட்டும். அடி இறுக்கமாக இருந்தால் வளைவு ஒரே இடத்தில் குவிந்து ஆயுள் குறையும் என்று சொன்னவளும் நீதானே. மண்ணை அளந்தவர்கள் இறுக்கம் என்று எழுதியிருக்க, உனக்கு மேலே இருப்பவர் பழைய இளகிய மண் கணக்கையே போடச் சொல்கிறார். 25 வருஷம் ஓடவேண்டிய குழாய்க்குக் கணக்கில் 250 வருஷ ஆயுள் காட்டவேண்டும், புதுக் கணக்கில் அது வரவில்லை, இதுதானே?

பிள்ளை, அந்தப் பத்து மடங்கை வீண் என்று யாரும் உனக்குச் சொல்லவேண்டாம். ஆயிரம் மீற்றருக்குக் கீழே, கரையில் இருப்பதைப்போல நூறு மடங்கு அழுத்தத்தில் கிடக்கிற குழாயை, நாங்கள் கயிற்றை இழுத்துப் பார்ப்பதுபோல லேசில் மேலே இழுத்துப் பார்த்து மாற்ற முடியாது. லேசில் பார்க்க முடியாத இடத்துக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்க்கு மேலே மேடையில் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள்.

அவரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. இரண்டு மண்ணுக்கும் கணக்குப் போட்டு, இரண்டையும் அறிக்கையில் எழுது. எது அளந்தது, எது பழையது என்று பக்கத்திலேயே குறி. தொடும் இடத்தில் குழாயைத் தடிப்பாக்கலாமா, தொங்கும் வடிவத்தை மாற்றலாமா என்று அப்புறம் அவரிடமே கேள். பெரியவர் என்பதால் அவருக்கும் வழி தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மண்ணை மறைத்த தாளில் உன் கையெழுத்து வேண்டாம். வேலை போனால் வீடு இருக்கிறது.

அம்மா நெத்தலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறா. அடுத்த மாதம் உங்கள் பக்கம் வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

திங்கட்கிழமை அவரோடு பேசிவிட்டு எனக்குப் போன் எடு. இங்கே நடுச்சாமம் என்று பார்க்காதே, முழித்திருப்பேன்.

அப்பா