ஆறு பேர், 11 மணிகள்: காரைக்குடியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

மார்கழி மூன்றாம் சனிக்கிழமை மாலை கானாடுகாத்தான் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் கூடத்தில், பாய் விரித்து உட்கார்ந்து எங்கள் கைமணி இசையைக் கேட்டவர்களுக்கும், அன்று வர முடியாவிட்டாலும் அதற்கு முந்தைய ஏழு மாதம் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கும் இந்த மடல். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. பரீட்சை, பொங்கல், வேலை என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. இனியும் தள்ளினால் தப்பு என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கைமணி என்றதும் பூஜை மணிதானே என்று பலர் கேட்டீர்கள். பூஜை மணியின் நாக்கு எந்தப் பக்கமும் ஆடும். இந்த மணியின் நாக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் போகும், அதையும் இரண்டு பக்கமும் பிடித்துவைத்திருப்பார்கள். அதனால் கையை ஒரு தடவை வீசினால் ஒரே அடி, ஒரே ஸ்வரம். ஒலியை நிறுத்த வேண்டுமானால் மணியைத் தோளில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கையில் இருப்பது இரண்டு ஸ்வரம், அவ்வளவுதான். ஒரு பாட்டு ஆறு பேரிடமும் சிதறிக் கிடக்கும். யாராவது ஒருவர் ஒரு கணம் அயர்ந்தாலும் அந்த இடத்தில் பாட்டில் ஓட்டை விழும்.

முதல் நன்றி சிங்கப்பூரில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு. அவர் போகும் தேவாலயத்தின் மணிக்குழு பெரிய செட் வாங்கியபோது, பழைய இரண்டு ஸ்தாயி செட்டை (ஒரு ச-விலிருந்து அடுத்த மேல் ச வரை ஒரு ஸ்தாயி) எங்களுக்காகக் கேட்டு வாங்கினார். மொத்தம் 25 மணிகள். ஊருக்கு வந்த நாலு குடும்பங்கள் ஆறேழு மணிகளாகப் பிரித்து, சேலைகளுக்கு நடுவில் சுற்றி, தங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிய சாமானைக் குறைத்துக்கொண்டு எங்கள் வெண்கலத்தைச் சுமந்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் கோபுர மணி அடிப்பவர்கள் ஒத்திகைக்காக உண்டாக்கிக்கொண்டதுதான் கைமணி. 1902-இல் லண்டன் போயிருந்த மார்கரெட் ஷர்க்ளிஃப், தனக்குப் பரிசாகக் கிடைத்த சில கைமணிகளை பாஸ்டனுக்கு எடுத்துப் போனார். அமெரிக்கக் கைமணிக் குழுக்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது அந்தப் பயணத்தை விடுவதே இல்லை. கடல் தாண்டி வந்த தேக்கில் தூண் நிறுத்திய ஊர் நம்முடையது. இனி எங்கள் கதையிலும் நாலு பெட்டிகள் இருக்கும்.

மணிகள் கொஞ்சம் மங்கி இருந்தன. நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம், நம் வீட்டு வெண்கலம் மாதிரிதானே என்று நான் புளியைக் கரைத்தே விட்டேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் தடுத்தார். "இது அண்டா இல்லை தம்பி. மேலே இருக்கிற மெருகு போச்சுன்னா திரும்ப வராது. மெல்லிசுத் துணியாலே துடைச்சாப் போதும், வெறுங்கையாலே தொடாதீங்க." அந்த ஒரு சொல் 25 மணிகளையும் காப்பாற்றியது. அப்புறம் கையுறை தேடினோம். அணிவகுப்புக்குப் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறையை அடக்க விலைக்கே கொடுத்த சீருடைக் கடைக்காரருக்கும் நன்றி.

மணிகளை வைக்கிற மேசைக்கு மெத்தை வேண்டும். மரத்தில் வைத்தால் விளிம்பு அடிபடும், எடுக்கும்போது சத்தமும் வரும். முதலில் இலவம்பஞ்சில் தைத்தோம். இரண்டு வாரத்தில் நடுவில் பள்ளம் விழுந்து மணிகள் ஒன்றை நோக்கி ஒன்று உருண்டன. மெத்தைக் கடை ஐயா ஒத்திகைக்கே வந்து பார்த்தார். நாலு அங்குல ஃபோமை மேசை அளவுக்கு வெட்டி, ஓரம் தட்டி, தன் வண்டியிலேயே கொண்டுவந்து போட்டார். அதன்மேல் விரித்த அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட துணியைப் பற்றி அன்று எல்லாரும் கேட்டீர்கள். அது காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைத் துணி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே நெசவு. தறியில் மிச்சம் விழுந்த துண்டு என்று சொல்லித்தான் நெசவாளர் அக்கா கொடுத்தார். மேசைக்கு அளந்து நெய்த மாதிரி சரியாக உட்கார்ந்த துண்டு மிச்சமாக இருக்காது என்று எங்களுக்குத் தெரியும் அக்கா.

இனி சொல்லப்போகிறவருக்கு எவ்வளவு எழுதினாலும் போதாது. எங்கள் தெருவில் 40 வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கும் டீச்சர்.

நான் மணிகளுக்குப் பாட்டு அமைக்கத் தொடங்கியபோது, நமக்குப் பழகிய மெட்டுகளை எல்லாம் அப்படியே போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. மணிக்குக் கமகம் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதனால் முடியாது. அசைவிலேயே உயிர் வைத்திருக்கும் தோடி ராகத்தை மணியில் அடித்தால் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். டீச்சர் இரண்டு ஒத்திகை பேசாமல் கேட்டார். மூன்றாவது நாள், "மணிக்கு எது முடியாதுன்னு அதையே போட்டு அழாதீங்க. அதுக்கு எது அழகோ அதைக் கேளுங்க" என்று சொல்லி மோகன ராகத்தை எடுத்துக்கொடுத்தார். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் அமைத்த நோட்டு ஸ்வரங்களையும் அவர்தான் நினைவுபடுத்தினார். அசைவில்லாமல் நேராக நிற்கும் ஸ்வரங்கள், மணிக்கென்றே செய்தது போல இருந்தன.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். எங்கள் செட்டின் அடி மணி மேற்கத்திய இசையின் ஜி (G) ஸ்வரம், உச்சி மணியும் ஜி. அதையே ஷட்ஜமாக, அதாவது ச-வாக, வைத்தால் மோகனத்துக்கு ச ரி க ப த, மறுபடி ச ரி க ப த, மேலே ஒரு ச. மொத்தம் 11 மணிகள். ஆறு பேருக்கு 12 கைகள். அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தைவத (த) மணிகள் இரண்டையும் கீழே வைத்துவிட்டு நிஷாத (நி) மணிகள் இரண்டை எடுத்தால் அதே 11 என்ற எண்ணிக்கையில் ஹம்சத்வனி ராகம். ஆள் மாற வேண்டாம், நிற்கும் இடம் மாற வேண்டாம்.

ஆனால் அடித்துப் பார்த்தபோது மோகனத்தில் ஏதோ ஒன்று உறுத்தியது. எங்கே என்று எங்களால் சொல்ல முடியவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "காந்தார மணியைத் தனியா அடி" என்றார். அடித்தோம். "இன்னொரு தடவை. விட்டுடு, அணைக்காதே." அந்த ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது, "உள்ளே ஒரு நிஷாதம் இருக்கு பார்" என்றார். காதை மணிக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் எங்களுக்கே கேட்டது. இந்தக் கைமணிகளில் அடிக்கும் ஸ்வரத்தோடு, அதை ச என்று வைத்தால் வரும் மேல் ஸ்தாயிப் பஞ்சமமும் (ப) சேர்ந்து ஒலிக்கும், செய்கிறவர்களே அப்படித்தான் சுருதி சேர்க்கிறார்கள். ச அடித்தால் உள்ளே ப கேட்கும், ப அடித்தால் ரி, இரண்டும் மோகனத்துக்கு உறவு. க அடித்தால் கேட்பது நி. அது மோகனத்தில் இல்லாத ஸ்வரம். எந்தப் புத்தகமும் பார்க்காமல், காதால் மட்டும் அதைப் பிடித்தவர் அவர். அன்றே முழு அமைப்பையும் மாற்றி எழுதினேன். நீட்ட வேண்டிய இடங்கள் எல்லாம் ச-வுக்கும் ப-வுக்கும் போயின. காந்தாரம் ஒரு தட்டோடு தோளில் அணைந்தது. அடி ஸ்தாயியில் இரண்டு மணிகளைச் சேர்த்து அடிப்பதையும் குறைத்துவிட்டேன். அன்று உங்களுக்கு மோகனம் தெளிவாகக் கேட்டது என்றால் அதற்குக் காரணம் டீச்சரின் காது.

மணியை வீசக் கற்றுக்கொடுத்தது எங்கள் குழுவிலேயே மூத்தவரான ஆச்சி. சிங்கப்பூர்க்காரர்கள் வீடியோவில் காட்டியதை நாங்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்தோம். ஆச்சி பார்த்துவிட்டு, "வாசல் தெளிக்கிற கைதானே இது" என்றார். கை கீழிருந்து முன்னே போய், மணிக்கட்டு ஒரு சொடுக்கு, பிறகு மேலே வட்டமாகத் திரும்பி வருவது. அதன் பிறகு ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பேசி வைத்திருந்த மண்டபம் கைவிட்டுப் போனது. முன்பணமும் கொடுத்திருந்தோம். வேறு விசேஷம் வந்துவிட்டது என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். அன்று மாலையே கானாடுகாத்தான் வீட்டுப் பெரியவர் போன் செய்து, "வளவு சும்மாதானே கிடக்கு, வாங்க" என்றார். பங்காளிகள் நாலு ஊரில் இருக்கும் வீடு அது. அத்தனை பேரிடமும் அவரே கேட்டுச் சம்மதம் வாங்கி, சாவியைக் கையில் கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு எங்கள் ஆறு பேரின் வணக்கம்.

வீடு பார்க்கப் போனபோதுதான் அடுத்த பாடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புச் சுவர். ஒரு மணி அடித்தால் ஒலி தூணுக்குத் தூண் போய்த் திரும்பிவந்து அடுத்த ஸ்வரத்தின் மேல் ஏறியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஜமக்காளங்களைத் தூக்கி வந்தார். கல்யாணத்துக்கு விரிக்கிற பெரிய ஜமக்காளங்கள். ஏணி போட்டு ஏறி, தூண்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகக் கட்டினார். நாங்களும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தோம். மீதியைச் சரிசெய்தது நீங்கள்தான். எண்பது பேர் பாயில் உட்கார்ந்ததும் வளவின் எதிரொலி அடங்கி, இதமாகிவிட்டது.

ஒன்பது நாள் இருக்கும்போது, கீழ் ஸ்தாயி க, ப மணிகளை வைத்திருந்த கல்லூரித் தம்பி பைக்கில் விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அழுதே விட்டான். இடது கையில் காந்தாரம் இருக்கட்டும், அது உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டோம். பஞ்சமத்தை யார் எடுப்பது? மோகனத்தில் ப-வும் த-வும் பிரியாமல் வரும். பக்கத்தில் த-வும் நடு ச-வும் வைத்திருந்த நர்ஸ் அக்கா, "ரெண்டையும் நானே ஒரு கையில எடுத்துக்கறேன்" என்றார். ஒரே கையில் இரண்டு மணிகளைப் பிடிகள் பின்னிக்கொள்ளப் பிடிக்க வேண்டும். முன்னால் வீசினால் ஒன்று ஒலிக்கும், பக்கவாட்டில் தட்டினால் மற்றது. உள்ளங்கையில் பாரம் ஏறும். இரவுப் பணி முடிந்து வந்து, சின்னம்மாவின் குழுவிலிருந்த ஒரு அம்மாவோடு வீடியோ காலில் நாலு நாள் பழகினார். கட்டை விரலின் அடியில் தோல் உரிந்து சிவந்திருந்ததைக் கையுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தோம். அக்கா, அன்று ப த ச என்று ஏறிய ஒவ்வொரு முறையும் நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹம்சத்வனி நடுவில் முற்றத்தில் தூறல் விழுந்ததே, அப்போது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் பாயோடு நகர்ந்து, பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொண்டீர்கள். நாங்கள் நிறுத்தவே இல்லை. அதற்கும் நன்றி.

கடைசி பஸ் போன பிறகும் காத்திருந்து எங்களையும் மேசைகளையும் காரைக்குடி சேர்த்த ஷேர் ஆட்டோ தம்பிக்கும், ஸ்வரத் தாள்களை ஆளுக்கொரு நிறத்தில் அச்சடித்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தங்கைக்கும், ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த எங்கள் வீட்டார் எல்லாருக்கும் நன்றி.

ஒன்று பாக்கி. அன்று இரவு யாரோ ஒரு ஆச்சி எங்கள் ஆறு பேருக்கும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். ஆட்டோவிலேயே தீர்ந்துவிட்டது. சட்டியின் கழுத்தில் மூன்று எழுத்து வெட்டியிருக்கிறது, யார் வீட்டுடையது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. துலக்கி வைத்திருக்கிறோம், இதைப் புளி போட்டுத்தான். எந்த வீடு என்று ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கத்தில் யாராவது சொல்லுங்கள் ஆச்சி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம். வெறும் சட்டியாகத் தர மாட்டோம், மணிகளும் கூடவே வரும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஆறு பேரும்